பைதானில் சாவிப் பரிமாற்றம்: எக்ஸ்25519, பி-256, டிஎச் ஆகியவற்றில் எதை எடுப்பது?

இரண்டு நிரல்கள் தமக்குள் ஓர் இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற தேவையோடு பைதானின் 'கிரிப்டோகிராஃபி' நிரலகத்தைத் திறப்பவர், ஒரே வேலையைச் செய்யும் நான்கு கருவிகள் அங்கே அருகருகே இருப்பதைக் காண்பார்: டிஎச் (டிஃபி-ஹெல்மன்), ஈசிடிஎச் (அதையே பி-256 போன்ற நீள்வட்ட வளைவுகளில் செய்வது), எக்ஸ்25519, எக்ஸ்448. நான்கிலும் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற ஒரே பெயரில்தான் செயற்கூறு இருக்கிறது. நான்கும் இறுதியில் சில பைட்களைத்தான் கையில் தருகின்றன. எதை எடுத்தாலும் நிரல் ஓடிவிடும் என்பதால், கண்ணில் முதலில் பட்டதை எடுத்துக்கொண்டு போய்விடும் புதியவர்கள் பலர். எதை, எந்த வரிசையில் யோசித்து எடுக்க வேண்டும் என்பதையும், எடுத்த பிறகு எவற்றை விட்டுவிடக் கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறேன். நான் பார்த்த நிரல்களில், தவறான வளைவைத் தேர்ந்ததால் வந்த பிழைகளைவிட, சரியான வளைவைத் தேர்ந்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்யாததால் வந்த பிழைகளே அதிகம். ஆகவே பின்பாதியை மேலோட்டமாகக் கடந்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

சாவிப் பரிமாற்றம் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் வெளியிட்ட முறைதான் இந்த நான்குக்கும் வேர். இரு தரப்பினரும் ஆளுக்கொரு தனிச்சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து கணக்கிட்ட பொதுச்சாவியை மட்டும் மற்றவருக்கு அனுப்புகிறார்கள். தன் தனிச்சாவியையும் எதிராளியின் பொதுச்சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பக்கமும் ஒரே விடை வருகிறது. வழியில் இரண்டு பொதுச்சாவிகளையும் பார்த்தவரால் அந்த விடையைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. முதலில் இது பெரிய பகா எண்களைக் கொண்டு செய்யப்பட்டது. 1985-இல் நீல் கோப்ளிட்ஸ், விக்டர் மில்லர் ஆகிய இருவரும் தனித்தனியே நீள்வட்ட வளைவுகளை மறையீட்டியலுக்குக் கொண்டுவந்த பிறகு, அதே அளவு பாதுகாப்பை மிகச் சிறிய சாவிகளைக் கொண்டே பெற முடிந்தது.

ஒட்டுக்கேட்பவரிடமிருந்து இந்தக் கணக்கு நம்மைக் காக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை. நடுவில் ஒருவர் புகுந்து இரு பக்கமும் தன் பொதுச்சாவியைக் கொடுத்தால், இருவருமே அவரோடு பத்திரமாக இரகசியம் பேசிக்கொண்டிருப்பார்கள். இதற்கான மருந்தைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இந்தக் கருவி உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள்

இந்த நிரலகத்தின் கீழ்நிலைப் பகுதிக்கு 'ஹாஸ்மேட்' என்று பெயர். அபாயகரமான பொருள்கள் என்பதன் சுருக்கம் அது. அதன் ஆவணப் பக்கங்களின் தலைப்பிலேயே, கண்ணிவெடிகளும் டிராகன்களும் லேசர் துப்பாக்கி ஏந்திய டைனோசர்களும் நிறைந்த இடம் இது என்று எச்சரிக்கை இருக்கும். சொன்ன விதம் விளையாட்டாக இருந்தாலும் எச்சரிக்கை மெய்யானது. இரண்டு கணினிகள் வலைவழியே பேச வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால், டிஎல்எஸ் 1.3 அதற்காகவே இருக்கிறது. சாவிப் பரிமாற்றம், அடையாள உறுதி, குறியாக்கம் மூன்றையும் பல ஆண்டு ஆய்வுக்குப் பின் சேர்த்துக் கட்டிய நெறிமுறை அது. ஒரே நிரல் தன் கோப்பைத் தானே பூட்டித் தானே திறக்க வேண்டுமென்றால், அதே நிரலகத்தின் மேல்நிலைப் பகுதியிலுள்ள 'ஃபெர்னெட்' போதும். டிஎல்எஸ் ஓட முடியாத சிறு சாதனம், ஒருவர் இணைப்பில் இல்லாதபோதே அவருக்கென்று பூட்டி வைக்க வேண்டிய செய்தி, ஏற்கெனவே எழுதப்பட்ட நெறிமுறை ஒன்றைப் பைதானில் செயல்படுத்தும் பணி போன்ற காரணம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: எதிர்முனை எந்த மொழி பேசுகிறது என்று கேளுங்கள்

பெரும்பாலான நேரங்களில் தேர்வு நம் கையில் இருப்பதில்லை. எதிர்முனையில் ஸ்மார்ட் கார்டோ, வாடிக்கையாளரின் பழைய வழங்கியோ, எழுதி முடிக்கப்பட்ட ஒரு தரநிலையோ இருந்தால், அது கேட்பதைத்தான் நாம் கொடுக்க முடியும். அப்படிக் கேட்கப்படுவது பெரும்பாலும் பி-256 என்ற வளைவாக இருக்கும். அமெரிக்க அரசின் எஃப்ஐபிஎஸ் 140 (மறையீட்டுக் கருவிகளுக்கான தரநிலை) சான்று வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் விடை இதுதான். அங்கே ஏற்கப்பட்ட சாவி உடன்பாட்டு முறைகளில் பி-256, பி-384, பி-521 ஆகியவை இடம்பெற்றுள்ளன, எக்ஸ்25519 தனியாக அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். பி-256, செக்பி256ஆர்1, பிரைம்256வி1 ஆகிய மூன்றும் ஒரே வளைவின் மூன்று பெயர்கள். ஆனால் செக்பி256கே1 என்பது வேறு. பிட்காயின் பயன்படுத்தும் வளைவு அது. 'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் 'கே' வந்துவிட்டால் வளைவே மாறிவிடுகிறது. நல்ல வேளையாக, ஒரு வளைவின் தனிச்சாவியை மற்றொரு வளைவின் பொதுச்சாவியோடு சேர்க்க முயன்றால் இந்த நிரலகம் பிழை எழுப்பி நின்றுவிடும். இருந்தாலும், ஆவணத்தில் எந்தப் பெயரைப் பார்த்தீர்கள் என்பதை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே நிரலில் தட்டச்சிடுங்கள்.

மூன்றாம் படி: தேர்வு உங்களுடையதென்றால் எக்ஸ்25519

இரு முனைகளையும் நீங்களே எழுதுகிறீர்கள், எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை என்றால், எக்ஸ்25519-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்து 2006-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட வளைவின் மீது அது நடக்கிறது. 2-இன் 255-ஆம் அடுக்கிலிருந்து 19-ஐக் கழித்தால் வரும் பகா எண்ணே அந்த வளைவின் பெயருக்கும் காரணம். 2016 ஜனவரியில் ஆர்எஃப்சி 7748 ஆக அது தரப்படுத்தப்பட்டது (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணங்கள்). தொலைக் கணினியில் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச், செய்திச் செயலியான சிக்னல், விபிஎன் மென்பொருளான வயர்கார்ட் ஆகியவை இதையே நம்பியிருக்கின்றன.

பரவலான பயன்பாட்டை நான் முதல் காரணமாகச் சொல்ல மாட்டேன். நிரலர் தவறு செய்வதற்கான இடங்களைக் குறைத்தே இது வடிவமைக்கப்பட்டிருப்பதுதான் முதல் காரணம். பி-256-இல் ஒரு பொதுச்சாவி என்பது வளைவின் மீதுள்ள புள்ளி. சுருக்காத வடிவில் 65 பைட், சுருக்கிய வடிவில் 33 பைட். எதிராளி அனுப்பிய எண்கள் உண்மையிலேயே அந்த வளைவின் மீது விழுகின்றனவா என்று சோதிக்காவிட்டால், வேண்டுமென்றே தவறான புள்ளியை அனுப்பி நம் தனிச்சாவியைச் சிறிது சிறிதாகக் கறந்துவிட முடியும். ஏட்டளவில் நிற்கும் அச்சமல்ல இது. 2018-இல் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் இருவர், புளூடூத் இணைப்பில் புள்ளியின் ஓர் அச்சுத்தூரம் மட்டுமே உறுதிசெய்யப்படுவதையும் பல சாதனங்கள் புள்ளியைச் சோதிக்காமலே ஏற்பதையும் காட்டி, நடுவில் புகுந்து சாவியைப் பெறும் வழியை வெளியிட்டார்கள். எக்ஸ்25519-இலோ பொதுச்சாவி என்பது வெறும் 32 பைட். எந்த 32 பைட்டைக் கொடுத்தாலும் தனிச்சாவி கசியாமல் கணக்கு நடக்கும் வகையில் வளைவு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. இந்த நிரலகம் பி-256 புள்ளிகளையும் சோதித்தே ஏற்கிறது என்றாலும், புள்ளிச் சோதனையே தேவைப்படாத வடிவமைப்பு எனக்குக் கூடுதல் நிம்மதி தருகிறது.

எக்ஸ்448 இதன் பெரிய உடன்பிறப்பு. 56 பைட் சாவி, கூடுதல் பாதுகாப்பு வரம்பு, குறைந்த வேகம். எதிர்முனை கேட்டாலொழிய அதைத் தொட வேண்டியதில்லை.

வளைவைத் தேர்ந்தபின், அதன் எந்தச் செயலாக்கத்தை எடுப்பது என்ற கேள்வியும் உண்டு. எக்ஸ்25519 குறுகிய கணக்கு என்பதால், ஐம்பது அறுபது வரிகளில் வெறும் பைதானில் எழுதிய பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. படித்துப் புரிந்துகொள்ள அவை அருமையானவை. உண்மையான சாவியை அவற்றிடம் கொடுக்கக் கூடாது. கணக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே தனிச்சாவியை ஊகிக்கலாம் என்று பால் காச்சர் 1996-இலேயே காட்டிவிட்டார். பைதானின் பெரிய முழு எண்கள், எண்ணின் மதிப்புக்கேற்ப நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுத்துக்கொள்பவை. 'கிரிப்டோகிராஃபி' நிரலகம் இந்தக் கணக்கைத் தன் அடியில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சி மொழி நிரலகத்திடம் ஒப்படைக்கிறது. 'பைநாக்கிள்' என்ற மற்றொரு பைதான் நிரலகம் லிப்சோடியம் என்ற சி மொழி நிரலகத்திடம் ஒப்படைக்கிறது. இரண்டுமே நேரக் கசிவைத் தவிர்க்க எழுதப்பட்டவை.

இவற்றில் பைநாக்கிள் பற்றி ஒரு சொல். அதன் 'பாக்ஸ்' என்ற வகுப்பு, சாவிப் பரிமாற்றத்தையும் குறியாக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தே தருகிறது. லிப்சோடியத்தின் 'கேஎக்ஸ்' செயற்கூறுகளோ அனுப்புவதற்கு ஒன்று, பெறுவதற்கு ஒன்று என இரண்டு தனிச் சாவிகளை நேரடியாகக் கொடுத்துவிடுகின்றன. கீழே நான் விவரிக்கும் பல படிகளை அவை தாமே செய்துவிடுவதால், புதிதாக ஒன்றைத் தொடங்கும் நண்பர்களுக்கு நான் முதலில் இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

நான்காம் படி: பழைய டிஎச் கேட்கப்பட்டால்

பகா எண் வழியிலான டிஎச்-ஐ, எதிர்முனை வேறெதையும் அறியாதபோது மட்டும் எடுங்கள். 2048 பிட் குழுவில் (குழு என்பது இரு பக்கமும் முன்பே ஒத்துக்கொள்ளும் பகா எண்ணும் அடி எண்ணும்) ஒரு பொதுச்சாவியே 256 பைட், கணக்கும் மெதுவானது. முடிந்தவரை நீள்வட்ட வளைவு முறையையே பயன்படுத்துங்கள் என்று இந்த நிரலகத்தின் ஆவணமும் சொல்கிறது. எடுத்தே தீர வேண்டுமென்றால், 'ஜெனரேட் பாராமீட்டர்ஸ்' என்று நீங்களே புதிய பகா எண்ணைத் தேட வேண்டாம்; அது நெடுநேரம் ஓடும், பயனும் குறைவு. ஆர்எஃப்சி 7919 வெளியிட்டுள்ள குழுக்களில் 2048 பிட்டோ 3072 பிட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 1024 பிட்டும் அதற்குக் குறைந்தவையும் கூடவே கூடாது. 2015-இல் வெளியான லாக்ஜாம் தாக்குதல் 512 பிட் குழுக்களை நடைமுறையில் உடைத்துக் காட்டியதோடு, பலரும் பகிர்ந்து பயன்படுத்திய 1024 பிட் குழுக்கள் ஓர் அரசின் கைக்கு எட்டக்கூடியவை என்ற மதிப்பீட்டையும் முன்வைத்தது.

என்னை மூன்று நாள் அலைக்கழித்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பழைய சாதனம் ஒன்றோடு டிஎச் வழியே பேசும் நிரலை ஒருமுறை எழுதினேன். எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் எப்போதாவது ஓர் இணைப்பு காரணமில்லாமல் முறிந்தது. மறுபடி முயன்றால் சேர்ந்துகொண்டது. வலை கோளாறு என்றே முதலில் நினைத்தேன். முறிந்தவற்றை எண்ணிப் பார்த்தபோது, ஏறத்தாழ 250 இணைப்புக்கு ஒன்று என்று வந்தது; அந்த எண் 256-க்கு அருகில் இருந்ததால்தான் பொறி தட்டியது. பகிர்ந்த இரகசியத்தின் முதல் பைட் பூச்சியமாக அமைவது சராசரியாக 256 முறைக்கு ஒரு முறை. என் பக்கம் அந்தப் பூச்சியத்தை வைத்துக்கொண்டு முழு 256 பைட்டையும் தந்தது. சாதனத்தின் நிரல் அதை எண்ணாகப் பாவித்து முன்பூச்சியத்தை உதிர்த்துவிட்டது. இரு பக்கச் சாவிகளும் வேறாகிவிட்டன. தரநிலைகளிலேயே இந்த வேறுபாடு உண்டு: டிஎல்எஸ் 1.2 முன்பூச்சியங்களை நீக்கச் சொல்கிறது, டிஎல்எஸ் 1.3 அவற்றை வைத்திருக்கச் சொல்கிறது. டிஎச்-ஐத் தொடுபவர்கள் இந்தக் கேள்வியை முதல் நாளே எதிர்முனையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். எக்ஸ்25519-இல் விடை எப்போதும் சரியாக 32 பைட் என்பதால், இந்தத் தொல்லையே அங்கு எழுவதில்லை.

ஐந்தாம் படி: நிரலை எழுதுதல்

எக்ஸ்25519-ஐத் தேர்ந்ததாகக் கொள்வோம். 'எக்ஸ்25519பிரைவேட்கீ' என்ற வகுப்பின் 'ஜெனரேட்' செயற்கூறை அழைத்துத் தனிச்சாவியை உருவாக்குங்கள். சொந்தமாகச் சீரற்ற எண்களை உருவாக்கி உள்ளே திணிக்க வேண்டாம். அதிலிருந்து பொதுச்சாவியை எடுத்து, 'பப்ளிக் பைட்ஸ் ரா' வழியே 32 பைட்டாக மாற்றி அனுப்புங்கள். எதிராளியிடமிருந்து வந்த 32 பைட்டை 'ஃப்ரம் பப்ளிக் பைட்ஸ்' மூலம் பொருளாக மாற்றி, உங்கள் தனிச்சாவியின் 'எக்ஸ்சேஞ்ச்' செயற்கூறிடம் கொடுங்கள். எதிராளி வேண்டுமென்றே சீர்கெட்ட சாவியை அனுப்பி, விடை முழுதும் பூச்சியமாக வந்தால், நிரலகம் 'வேல்யூஎரர்' எழுப்பும். அந்தப் பிழையைப் பிடித்து ஒன்றும் நடவாததுபோல் தொடரும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இணைப்பை அங்கேயே முறித்துவிடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் 32 பைட்டைப் பார்த்ததும், செய்தியைப் பூட்டும் ஏஇஎஸ்-256 குறியாக்கத்துக்கும் 32 பைட் சாவிதானே வேண்டும் என்று அப்படியே கொடுக்கத் தோன்றும். புதியவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் தவறு இதுவே. பரிமாற்றத்தில் கிடைத்த இரகசியம் வளைவின் மீதுள்ள ஒரு புள்ளியின் அச்சுத்தூரம். அதற்கென்று கணித அமைப்பு உண்டு, எல்லாப் பைட் வரிசைகளும் சமவாய்ப்புடன் அதில் வருவதில்லை. அதை எச்கேடிஎஃப் என்ற சாவி வடிப்பானில் ஊற்றி வடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஹ்யூகோ கிராவ்சிக்கின் இந்த முறை 2010-இல் ஆர்எஃப்சி 5869 ஆக வெளிவந்தது. நிரலகத்தில் அது ஆயத்தமாகவே இருக்கிறது. ஷா-256 என்ற ஹேஷ் முறை, நீளம் 64 பைட் என்று கொடுத்து, கிடைத்ததை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரு திசைக்கும் மறுபாதியை எதிர்த்திசைக்கும் வையுங்கள். இரு திசைக்கும் ஒரே சாவியை வைத்தால், இரு பக்கமும் தற்செயலாக ஒரே நான்ஸைப் (ஒரு சாவியோடு ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய எண்) பயன்படுத்திவிடும் ஆபத்து உண்டு. ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் அது பெருங்கேடு.

எச்கேடிஎஃப்-இன் 'இன்ஃபோ' என்ற இடத்தைப் பலரும் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் நெறிமுறையின் பெயர், அதன் பதிப்பு எண், தொடங்கியவரின் பொதுச்சாவி, பதிலளித்தவரின் பொதுச்சாவி ஆகியவற்றை இந்த வரிசையிலேயே அங்கே சேருங்கள். வழியில் யாரேனும் இவற்றில் ஒரு பைட்டை மாற்றினாலும் இரு பக்கச் சாவிகளும் பொருந்தாமல் போய்விடும். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் புதுத் தனிச்சாவியை உருவாக்கி, முடிந்ததும் விட்டுவிடுங்கள். அப்போதுதான் நாளை ஒரு கணினி களவுபோனாலும் நேற்றைய உரையாடல்கள் திறக்கப்படாமல் இருக்கும்.

ஆறாம் படி: எதிரில் இருப்பவர் யார்?

முன்பு தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். எட்25519 என்ற மின்கையொப்பச் சாவியை இரு தரப்பும் நீண்டகாலத்துக்கு வைத்திருப்பது எளிய வழி; மற்றவரின் கையொப்பப் பொதுச்சாவியை நேரில் கொடுத்தோ சாதனத்தில் முன்பே பதித்தோ வைத்துக்கொள்ள வேண்டும். பரிமாற்றம் நடக்கும்போது, தன் பொதுச்சாவிக்கு மட்டும் கையொப்பமிட்டால் போதாது. இரு பொதுச்சாவிகளையும், தான் தொடங்கியவரா பதிலளித்தவரா என்பதையும் சேர்த்துக் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் பழைய கையொப்பத்தை எடுத்து வேறோர் உரையாடலில் ஒட்டிவிடலாம். எக்ஸ்25519 சாவியையே கையொப்பத்துக்கும் பயன்படுத்தும் தந்திரங்களைத் தேடாதீர்கள். இரண்டும் ஒரே வளைவுக் குடும்பம் என்றாலும் தனித்தனிச் சாவிகளை வைப்பதே முறை. இவற்றை நீங்களே கோப்பதற்கு அஞ்சினால், அந்த அச்சம் நியாயமானது. ட்ரெவர் பெர்ரின் வகுத்த 'நாய்ஸ்' கட்டமைப்பில், யார் யாருடைய சாவியை முன்பே அறிவார் என்பதற்கேற்ப ஆயத்தக் கோலங்கள் இருக்கின்றன. வயர்கார்ட் அவற்றில் ஒன்றைத்தான் தன் அடித்தளமாக எடுத்துக்கொண்டது.

ஏழாம் படி: சோதனை

உங்கள் நிரலை உங்கள் நிரலோடு மட்டும் பேசவைத்துப் பார்ப்பது சோதனையாகாது. இரு பக்கமும் ஒரே தவறைச் செய்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஆர்எஃப்சி 7748-இன் 6.1 பிரிவில் இரு தரப்பின் தனிச்சாவிகளும் பொதுச்சாவிகளும் இறுதி இரகசியமும் பதினாறடி எண்களாக அச்சிடப்பட்டுள்ளன. அவற்றை ஊட்டி அதே விடை வருகிறதா என்று பாருங்கள். எச்கேடிஎஃப்-க்கும் ஆர்எஃப்சி 5869-இன் பின்னிணைப்பில் மாதிரிகள் உண்டு. பிறகு எதிர்முனையின் உண்மையான நிரலோடு சில ஆயிரம் இணைப்புகளைத் தொடர்ந்து ஓட்டுங்கள். நான்காம் படியில் சொன்ன என் பிழை பத்து இணைப்புகளில் தலைகாட்டவில்லை. முதல் நாளே ஆயிரம் ஓட்டியிருந்தால் மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

எட்டாம் படி: வரவிருக்கும் மாற்றத்துக்கு இடம் விடுதல்

போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி உருவானால், இந்த நான்கு முறைகளுமே உடையும். இன்று அனுப்புவதைப் பதிவுசெய்து வைத்துப் பின்னாளில் திறக்கலாம் என்பதால், பல்லாண்டு இரகசியமாக இருக்க வேண்டிய செய்திகளைக் கையாள்பவர்கள் இப்போதே யோசிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வடிவமைத்த எம்எல்-கெம் என்ற சாவி முறையை எஃப்ஐபிஎஸ் 203 ஆக வெளியிட்டது, ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 பதிப்பில் அது சேர்ந்தது, ஓப்பன்எஸ்எஸ்எச் 10.0 அதையும் எக்ஸ்25519-ஐயும் இணைத்த கலப்பு முறையை இயல்பிருப்பாக்கியது. இரண்டில் ஒன்று உடைந்தாலும் மற்றொன்று காக்கும் என்பதே கலப்பின் நோக்கம். இரண்டு இரகசியங்களையும் அடுத்தடுத்து வைத்து எச்கேடிஎஃப்-க்குக் கொடுப்பது அதன் அடிப்படை.

புதியவர்கள் இன்றே இதை எழுதிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எம்எல்-கெம்-768-இன் பொதுச்சாவி 1184 பைட், பதிலாக வரும் மறையுரை 1088 பைட். இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாவியை அனுப்பி 'எக்ஸ்சேஞ்ச்' அழைக்கும் வடிவமும் அதில் இல்லை. ஒருவர் பொதுச்சாவியை அனுப்ப வேண்டும், மற்றவர் அதைப் பெற்ற பிறகே பதில் தர முடியும். ஆகவே உங்கள் முதல் செய்தியில் 32 பைட்டுக்கு மட்டும் இடம் ஒதுக்கி நெறிமுறையை இறுக்கிவிடாதீர்கள். எந்த முறை என்பதைக் குறிக்கும் ஒரு பைட், அடுத்து நீளத்துக்கு இரண்டு பைட், அதன் பின் சாவி என்று வகுத்துக்கொள்ளுங்கள். முறையைக் குறிக்கும் அந்த ஒரு பைட்டையும் எச்கேடிஎஃப்-இன் 'இன்ஃபோ'வில் மறவாமல் சேருங்கள், இல்லையேல் நடுவில் இருப்பவர் அதைப் பழைய முறைக்கு மாற்றிவிட்டாலும் இரு பக்கத்துக்கும் தெரியாது.